மகன் பேரில் ஆண்ட வருஷங்கள்

என் கணவர் இறந்த பதினாறாம் நாள், கருமாதிச் சடங்கெல்லாம் முடிந்தபிறகு, என் அண்ணன் என் மகனுக்கு, இனி அப்பன் இடம் அவனுக்கு என்று, தலையில் உருமாக் கட்டினார். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. துண்டு அவன் தலைக்குப் பெரிதாக இருந்தது. அது நெற்றியைத் தாண்டிக் கண்ணுக்கு இறங்கிவிட, ஒற்றை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் என்னைத் தேடினான். நான் உள் அறையில், நிலைப்படிக்குப் பின்னால், மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன்.

கந்தர்வக்கோட்டைப் பக்கத்து ஊர் எங்களுடையது. முந்திரிக் காடு, மழையை நம்பிய மேட்டு நிலம், ஒரு கண்மாய், அதற்குக் கீழே கொஞ்சம் நஞ்சை. என் கணவர் வீட்டார் தலைமுறை தலைமுறையாக அந்த ஊருக்கு அம்பலம். இந்தக் காலத்தில் அம்பலம் என்றால் பெரிய அதிகாரம் ஒன்றும் கிடையாது. பஞ்சாயத்துத் தலைவர் இருக்கிறார், தாலுகா ஆபீஸ் இருக்கிறது. ஆனாலும் அம்மன் கோயில் திருவிழாவில் முதல் பரிவட்டம் அம்பலத்துக்குத்தான் கட்டுவார்கள். வரப்புத் தகராறு என்றால் போலீசுக்குப் போகும் முன் அம்பலம் வீட்டு வாசலுக்கு வருவார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், கண்மாய் மடையை என்றைக்குத் திறப்பது, என்றைக்கு அடைப்பது என்று சொல்வது அம்பலம்தான். மடைப் பலகையை ஏற்றி இறக்கும் இரும்புச் சாவி எங்கள் வீட்டில்தான் தொங்கும்.

அன்று எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபிறகு, என் மாமனாரின் அண்ணன் பேச்சை எடுத்தார். ஊரில் அவர் சொல்லை யாரும் தட்டுவதில்லை.

"அம்பலம் வேலை ஒரு நாளும் நிக்கக் கூடாது. பய சின்னவன். அவன் தலையெடுக்குற வரைக்கும் அவன் சித்தப்பன் பாத்துக்கட்டும். என்னப்பா சொல்றீங்க?"

தலைகள் ஆடின. என் கொழுந்தனார் சுவரோரமாகத் தலையைக் குனிந்து நின்றார். அண்ணன் போன துக்கம் அவர் முகத்தில் நிஜமாகவே இருந்தது. சிங்கப்பூரில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து விவசாயம் பார்க்கிறவர். கெட்டவர் இல்லை. அதை இப்போது எழுத முடிகிறது. அன்று அப்படி நினைக்கவில்லை. தம்பி கைக்குப் போனது அண்ணன் பிள்ளைக்குத் திரும்பி வராமலே போன கதை எங்கள் ஊரிலேயே ஒன்று இருந்தது. அந்த வீட்டுப் பையன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். எனக்கு அந்தப் பையனின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

"நான் பாத்துக்கிறேன் மாமா" என்றேன்.

என் குரல்தான் அது என்று கூடத்தில் இருந்தவர்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கொழுந்தனார் தலையை நிமிர்த்தினார்.

"மதினி, நீங்க டீச்சர் வேலைக்குப் போறவங்க. மடைக்கும் வாய்க்காலுக்கும் ஒங்களால அலைய முடியுமா?"

"அலைவேன் தம்பி."

பெரியவர் என்னைப் பார்க்காமல், தன் கைத்தடியைப் பார்த்துச் சொன்னார். "ஆத்தா, ஒன்னய வேண்டாம்னு யாரும் சொல்லல. இப்படி ஒரு வழக்கம் நம்மகிட்ட இல்லையே."

"அப்பனுக்கு அப்புறம் மகன், அதுதான வழக்கம்? அதுல ஒண்ணும் மாத்தல மாமா. பரிவட்டம் அவனுக்கே கட்டுங்க. அவன் பேரச் சொல்லி நான் பேசுறேன். அவன் பெரியவனானா அவன் பேசுவான்."

தாலி கழற்றி நான்கு நாள் ஆகியிருந்தது. அந்த நிலையில் ஒரு பெண் அப்படிப் பேசியதை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். மறுத்துப் பேசவும் சங்கடம். பெரியவர் கடைசியில், "சரி, ஒரு வருஷம் பாப்போம்" என்றார். அந்த ஒரு வருஷம் பதின்மூன்று வருஷம் ஆனது.

அந்தத் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னால் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். பயத்திலிருந்துதான் வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் இன்னொன்றும் உண்டு. நான் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவள். கல்லூரியில் படிக்கும்போது நூலகத்தில் எடுத்த ஒரு பழைய புத்தகத்தில் ஓர் இடைக்கால ராணியைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. மேற்கே, பாலைவனத்தை ஒட்டிய ஒரு நாடு. ராஜா இறந்துபோகிறார். மகன் சிறு பிள்ளை. ராணி அவன் பேரில் நாட்டை ஆள்கிறாள். விதவையும் குழந்தையும்தானே என்று பெரும்படை ஒன்று பாலைவனத்தைத் தாண்டி வருகிறது. அவள் கோட்டைக்குள் ஒளியவில்லை. மலைக்கணவாய் ஒன்றில் படையை நிறுத்தி, குழந்தை ராஜாவை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். வந்த படை திரும்பி ஓடியது.

வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு இந்தக் கதையைச் சொல்வேன். பாடத்தில் இல்லாததுதான், ஆனாலும் சொல்வேன். மடியில் குழந்தை என்ற இடம் வரும்போது கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காரும். எனக்கே அந்த இடத்தில் புல்லரிக்கும். அன்று நிலைப்படிக்குப் பின்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தபோது அந்த ராணி என் நினைவில் இருந்தாள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இல்லை என்றும் சொல்ல முடியாது.

முதல் வருஷம் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. காலையில் ஏழு மணிக்கு மடையடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு எட்டேகால் பஸ்ஸைப் பிடிப்பேன். மடைக்காரர் வயதானவர். நான் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வார், ஆனால் என்னைப் பார்த்துச் சொல்ல மாட்டார், தண்ணீரைப் பார்த்துச் சொல்வார். திருவிழாவில் மகனுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். நான் கோயில் மதிலுக்கு வெளியே நின்றேன். உள்ளே போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நானே போகவில்லை. பரிவட்டத்தோடு வெளியே வந்த மகன் நேராக ஓடிப் போய்த் தன் சித்தப்பாவின் பைக்கில் ஏறிக்கொண்டான். அவனுக்கு அந்த வருஷம் முழுவதும் சித்தப்பாதான் எல்லாம். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவது, கந்தர்வக்கோட்டையில் பரோட்டா வாங்கிக் கொடுப்பது, முந்திரித் தோப்பில் கிரிக்கெட் ஆடுவது. அம்பலத்தை நான் கையில் வைத்துக்கொண்டதற்காக அவர் பிள்ளையிடம் கோபத்தைக் காட்டியதே இல்லை.

அடுத்த வருஷம் கார்த்திகையில் அந்த மழை வந்தது.

மூன்று நாள் விடாமல் பெய்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். கலிங்கில், அதாவது கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் கல்கட்டில், தண்ணீர் ஆள் உயரத்துக்கு விழுந்துகொண்டிருந்தது. நான்காம் நாள் காலையில் மடைக்காரர் நனைந்துகொண்டே வீட்டு வாசலுக்கு வந்தார். அன்றுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஆத்தா, கீழக் கோடியில கரை ஊறுது. உள்பக்கத்துத் தண்ணி வெளிப்பக்கம் கசியுது. கலங்கலா வருது."

தெளிந்த தண்ணீராகக் கசிந்தால் பயமில்லை. கலங்கலாக வந்தால் கரையின் மண்ணைத் தின்றுகொண்டு வருகிறது என்று அர்த்தம். அந்தக் கோடிக்கு நேர் கீழே முப்பது வீடுகள், கீழத்தெரு முழுவதும். மடை இரண்டையும் முழுதாகத் திறந்துவிட்டால் கண்மாயின் பாரம் குறையும். ஆனால் திறந்தால் தண்ணீர் வாய்க்காலில் அடங்காது. பள்ள வயல்கள் நான்கைந்து நாள் மூழ்கிக் கிடக்கும். நெல் கதிர் விடுகிற நேரம் அது. மூழ்கினால் அந்த வருஷ வெள்ளாமை போயிற்று. பள்ள வயல்களில் பெரும்பாலானவை என் கொழுந்தனாருடையவை.

ஒன்றிய ஆபீசுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. பெரியவர் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் சாவியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். மகன், "நானும் வாரேம்மா" என்றான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் இதை எழுத இத்தனை வருஷம் ஆயிற்று.

கரையில் ஊரே நின்றது. ஒரு பக்கம் கீழத்தெருக்காரர்கள், பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு. இன்னொரு பக்கம் பள்ள வயல்காரர்கள். மடைத் தூணுக்கு மேலே, சாவி போட்டுத் திருகும் இடத்தை மறைத்துக்கொண்டு கொழுந்தனார் நின்றார். சட்டையெல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"கலிங்குல போகுதுல்ல மதினி. மழ கொறஞ்சிருச்சு. மத்தியானத்துக்குள்ள வடிஞ்சிரும். மணல் மூட்ட போட்டுக் கரையக் கட்டுவோம். நானே மொத ஆளா எறங்குறேன்."

"கலங்கலா வருது தம்பி. மூட்ட போட்டு நிக்காது."

"நீங்க கரைய எத்தன வருஷமாப் பாக்குறீங்க? நான் இதுலயேதான் பொறந்து வளந்தேன். எங்க அண்ணன் இருந்தா தொறந்திருக்க மாட்டாரு."

கீழத்தெருப் பெண் ஒருத்தி கத்தினாள், "எங்க புள்ளைகள அள்ளிட்டுப் போனா ஒங்க அண்ணன் வந்து தருவாரா?" அவர் பக்கத்திலிருந்து ஒருவன் அவளை நோக்கிப் பாய்ந்தான். இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். யாருடைய கையிலோ மண்வெட்டி உயர்ந்ததைப் பார்த்தேன். சாவியோடு மடைத் தூணுக்கு நேரே போய் நின்றேன்.

"தள்ளுங்க தம்பி. அம்பலம் சொன்னா மடை தொறக்கணும்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "அம்பலம் யாரு? நீங்களா? அவந்தான அம்பலம். அவன் சொல்லட்டும், நான் எறங்கிர்றேன்."

பிள்ளை தனக்கு எதிராகச் சொல்ல மாட்டான் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. சித்தப்பா என்றால் அவனுக்கு உயிர் என்பது எனக்கும் தெரியும். என் கையை அவன் தோளில் வைத்தேன். பத்து வயதுத் தோள், மழையில் சில்லிட்டுப் போயிருந்தது.

"சொல்லுடா" என்றேன்.

அவன் சித்தப்பாவைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"தொறங்க சித்தப்பா" என்றான்.

கொழுந்தனார் மடைத் தூணிலிருந்து இறங்கி, எங்களைத் தாண்டி, கரையோடு நடந்துபோனார். மடைக்காரர் என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு ஓடினார். தண்ணீர் போன வேகத்தில் வாய்க்கால் வரப்பு கண்ணெதிரே கரைந்தது. சாயங்காலத்துக்குள் பள்ள வயல் முழுவதும் ஒரே தண்ணீர்க்காடு. கசிவு மறுநாள் நின்றது. கரை நின்றது.

நான் திறந்ததால் நின்றதா, திறக்காமலும் நின்றிருக்குமா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கீழத்தெருக்காரர்கள் என்னைக் கும்பிட்டார்கள். கொழுந்தனார் வயலில் ஒரு மரக்கால் நெல்கூட மிஞ்சவில்லை. அறுப்பு முடிந்ததும் என் மேட்டு வயலில் விளைந்ததில் பாதியை வண்டியில் ஏற்றி அவர் வீட்டுக்கு அனுப்பினேன். வண்டி ஒரு மூட்டைகூட இறங்காமல் அப்படியே திரும்பி வந்தது.

அவர் என்னோடு பேசாதது எனக்குப் பெரிதில்லை. பிள்ளையோடும் பேச்சை நிறுத்திவிட்டார். திட்டவில்லை, முறைக்கவில்லை. வெறுமே நிறுத்திவிட்டார். என் மகன் காலையில் பஸ் ஸ்டாப்பில் நிற்பான். சித்தப்பாவின் பைக் சத்தம் தூரத்திலேயே அவனுக்குத் தெரியும். பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டோரம் வந்து நிற்பான். வண்டி நிற்காமல் போகும். மறுபடியும் பையை இறக்கி வைப்பான். இது ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, அந்தக் கோடை விடுமுறை வரை நடந்தது. பிறகு அவன் பையைத் தூக்குவதை விட்டுவிட்டான். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன்.

அந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பில் ராணி கதை வந்தபோது, மடியில் குழந்தை என்ற இடத்தில் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. அதுவரை அந்தக் காட்சியை நான் எப்போதும் தூரத்திலிருந்துதான் பார்த்திருந்தேன், படையோடு படையாக. அந்தக் குழந்தை என்ன பார்த்திருக்கும்? அவ்வளவு குதிரைகள், அவ்வளவு கத்தி. அழுதிருக்காதா? அம்மாவின் புடவையை இறுக்கிப் பிடித்திருக்காதா? பிள்ளைகள் காத்திருந்தார்கள். "அப்புறம் ஜெயிச்சுட்டாங்க" என்று சொல்லி முடித்துவிட்டேன்.

வருஷங்கள் போயின. இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்பலம் வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பெரியவர் காலமானபிறகு ஊரில் என் சொல்லுக்கு மேல் சொல் இல்லை என்று ஆயிற்று. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் டீக்கடை பெஞ்சில் இருக்கிற ஆண்கள் எழுந்து நிற்பார்கள். பாதைத் தகராறு, பங்காளிச் சண்டை என்று வருகிறவர்கள் வாசலில் காத்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக அட்டெண்டன்ஸ் எடுக்கிறவள் நான். இங்கே நான் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு வாய்க்கால் திசை மாறியது. யாருக்குத்தான் பிடிக்காது? மகன் திருவிழாவுக்குப் பரிவட்டம் கட்டிக்கொண்டு நிற்பான், கூட்டத்தில் என் பக்கத்தில் உட்காருவான், பாதியில் தூங்கிவிடுவான். வளர வளரத் தூங்காமல் செல்போனைப் பார்த்தான். அவனிடம் எதையும் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லாமலே போயிற்று.

அவன் பதினெட்டு முடிந்து திருச்சியில் இன்ஜினியரிங் சேர்ந்தபோது சிலர் கேட்டார்கள், "தம்பிகிட்டக் குடுத்துறலாமே டீச்சர்?" படிப்பு முடியட்டும் என்றேன். படிப்பு முடிந்தது. வேலை கிடைக்கட்டும் என்றேன். ஓசூரில் வேலையும் கிடைத்தது.

அந்தச் சமயத்தில் ஒருநாள் வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்.

"டீச்சர், அந்தப் பையன் பெரியவனானதும் ராணி நாட்ட அவன்கிட்டக் குடுத்துட்டாங்களா?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. "அந்தப் பையன் வளரவே இல்லம்மா. சின்ன வயசுலயே இறந்துட்டான்" என்றேன். அந்தப் பெண் "ச்சு" கொட்டிவிட்டு உட்கார்ந்தாள். எனக்கு அந்தப் பீரியட் முழுவதும் மனசு சரியில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் அந்த ராணிக்கு வரவே இல்லை. எனக்கு அந்த நாள் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தது, நான்தான் கதவைத் திறக்காமல் இருந்தேன்.

போன வருஷம் திருவிழாக் காப்புக்கட்டுக்கு முன்னால் ஊர்க்கூட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் மண்டபத்தில். மகன் லீவில் வந்திருந்தான். கொழுந்தனார் வழக்கம்போலக் கடைசித் தூணோரம், யாரோடும் சேராமல் உட்கார்ந்திருந்தார். எந்த நாள் மண்டகப்படி எந்த வீட்டாருடையது என்று நான் பேசி முடித்ததும் ஒருவர் எழுந்தார்.

"தம்பிக்கு இருபத்திரெண்டு ஆச்சு. இந்த வருஷமாச்சும் அம்பலத்த அவர் கையில குடுப்பீங்களா?"

"வேலைக்குப் போயி ஆறு மாசந்தான ஆகுது. இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும். அவன் சின்னப் பைய..."

"அம்மா, நான் பேசணும்."

மகன் எழுந்து நின்றான். கூட்டத்தில் அவன் வாயைத் திறந்து நான் கேட்டது கரையில் நின்ற அந்த ஒரு நாள்தான். குரல் அவன் அப்பாவுடையது போல இருந்தது.

"அம்பலம் என் பேருலதான இருக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான்.

"ஆமா."

"அப்ப நான் சொல்றது செல்லும்ல?"

தலையை ஆட்டினேன்.

"எனக்கு வேண்டாம். நான் ஓசூர்ல இருக்கப்போறவன். அங்கிட்டு உக்காந்துக்கிட்டு இங்க மடையத் தொற, அடைன்னு சொல்றது சரியா இருக்காது. எங்கம்மா இத்தன வருஷம் யாரும் கொற சொல்லாமப் பாத்தாங்க. இனிமே சித்தப்பா பாக்கட்டும்."

எல்லார் கண்ணும் முதலில் கடைசித் தூணுக்குப் போனது, பிறகு என்னிடம் வந்தது. கொழுந்தனார் கையிலிருந்த துண்டைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூட்டம் என் பக்கம் நின்றிருக்கும். கீழத்தெரு முழுக்க நின்றிருக்கும். அவன் சின்னப் பையன், விவரம் தெரியாமல் பேசுகிறான் என்று சொல்ல வேண்டியதுதான். பதின்மூன்று வருஷமாகச் சொன்ன வார்த்தை, பாதி வாய்க்குள்ளேயே இருந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று கரையில் பார்த்த அதே மாதிரி இல்லை. நான் என்ன நினைக்கிறேன் என்று இந்தத் தடவை அவன் தேடவில்லை. என்ன செய்யப்போகிறேன் என்று காத்திருந்தான்.

"அம்பலம் சொன்னா சரிதான்" என்றேன்.

கொழுந்தனார் எழுந்து, "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் நான் அவனை விடவில்லை.

"ஒனக்காகத்தான்டா இத்தன வருஷம் இத்தன பேரப் பகைச்சுக்கிட்டு நின்னேன். ஒரே வார்த்தையில தூக்கிக் குடுத்துட்டியே."

"எனக்காகன்னு நீங்க நெனைச்சீங்கம்மா. எனக்கு வேணுமான்னு ஒரு தடவகூடக் கேக்கல."

"சின்னப் புள்ளகிட்ட என்னத்தக் கேக்குறது?"

"கரையில மட்டும் கேட்டீங்களே."

நான் நின்றுவிட்டேன். அவனும் நின்றான். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே புரியலம்மா. கரை ஒடையுமா ஒடையாதான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒங்க மொகத்தப் பாத்தேன். நீங்க என்ன சொல்லச் சொல்றீங்கன்னு தெரிஞ்சுச்சு. சொன்னேன். அப்புறம் சித்தப்பா என்கூடப் பேசவே இல்ல. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்னு ரொம்ப நாள் நெனைச்சேன்."

"நீ ஒரு தப்பும் பண்ணலடா."

"தெரியும். இப்பத் தெரியும்."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். வீடு வந்துவிட்டது.

உள்ளதைச் சொல்வதென்றால், எனக்கு அவன்மேல் கோபம் தீர மூன்று மாதம் ஆயிற்று. அவன் சொன்னது சரி என்று தெரிந்தும் ஆறவில்லை. அவன் தினமும் சாயங்காலம் போன் செய்வான், சாப்பிட்டீங்களா என்பான், சாப்பிட்டேன் என்பேன். அவ்வளவுதான். காலையில் ஏழு மணி ஆனதும் கால் தானாகக் கண்மாய்ப் பக்கம் இழுக்கும். போகாமல் இருக்க வாசலைக் கூட்டுவேன், கூட்டியதையே மறுபடி கூட்டுவேன்.

கூட்டம் நடந்து பத்து நாள் கழித்துக் கொழுந்தனார் வந்தார். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசற்படி ஏறினார். தலைமுடி நரைத்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்துப் பார்த்து அதை நான் கவனிக்கவே இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சாவிய வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன் மதினி."

எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டார்.

"பயகிட்ட நான் அப்படி இருந்திருக்கக் கூடாது" என்றார்.

"நான் அவன அங்க கூட்டிட்டு வந்திருக்கக் கூடாது தம்பி."

"வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எங்களுக்குள் சமாதானம் என்று ஒன்று நடந்தது என்றால் அது அவ்வளவுதான். அவர் அம்பலம் பார்க்கும் விதத்தில் எனக்குப் பிடிக்காதது நிறைய இருக்கிறது. கீழத்தெரு வாய்க்காலை இந்த வருஷம் தாமதமாகத்தான் தூர்வாரினார். இரண்டு தடவை சொல்லலாமென்று அவர் வீடுவரை போய்த் திரும்பியிருக்கிறேன். மூன்றாம் தடவை உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டார், செய்தாரா என்றால் பாதி செய்தார்.

இந்த வருஷத் திருவிழாவில் அவருக்குத்தான் பரிவட்டம் கட்டினார்கள். நான் பெண்கள் கூட்டத்தோடு மதிலுக்கு உள்ளே, அம்மனுக்கு எதிரே நின்றேன். பக்கத்திலிருந்த ஒரு மருமகப் பெண் அர்ச்சனைத் தட்டை வாங்குவதற்காகத் தன் கைக்குழந்தையை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அது என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. கண்ணாடியை மீட்டு மாட்டிக்கொண்டு பார்த்தபோது, தேர் வடத்துக்குப் பக்கத்தில் என் மகனும் அவன் சித்தப்பாவும் நின்றிருந்தார்கள். அவர் ஏதோ சொன்னார். மகன் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் அவன் ஓசூருக்குப் புறப்பட்டான். எனக்கு ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைத் தாள் ஒரு கட்டுத் திருத்தக் கிடந்தது.